கேலிச்சித்திரமும் கர்ப் கல்லும் – கடிதம்

அன்புள்ள சார்,

பெங்களூரில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் மூன்று வருடமாக ஜூனியராக இருக்கிறேன். வீடு அல்சூரில். ராத்திரியில் நகரத் திட்டமிடலைக் கிண்டல் செய்து கார்ட்டூன் போடுவேன். ஒன்றை இணைத்திருக்கிறேன். மேம்பாலத்தின் உச்சியில் வட்டக் கண்ணாடி, கருப்புச் சட்டையோடு ஒரு ஆர்க்கிடெக்ட், கையில் மாடல். கீழே ஊரே வெள்ளத்தில் மிதக்கிறது. பக்கத்தில் ‘விஷன் 2050’ என்று போர்டு. ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பார்த்துவிட்டு, “யாருடா இது, டாக்டரா?” என்று கேட்டார். சீனியர் ஒருவர், “சோறு போடுற தொழிலைக் கேலி பண்ணாதே” என்கிறார்.

வெளியாட்களுக்கும் புரிகிற மாதிரி இதை எப்படிப் போடுவது? சொந்தத் தொழிலைக் கேலி செய்வது தப்பா? எனக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் யார்?

வி.,
பெங்களூரு

அன்புள்ள வி.,

உங்கள் அம்மாவின் கேள்வியிலேயே படத்தின் குறை இருக்கிறது. வட்டக் கண்ணாடி நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கொர்பூசியே போட்டது, அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள் என்பதெல்லாம் கட்டடக்கலை படித்தவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் ஆபீஸ் சிரித்தது தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து. தெருவில் நடக்கிற ஆளுக்கு அந்தப் படத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இன்னொரு பிழை அதைவிடப் பெரியது. மேம்பாலத்தைத் தீர்மானிக்கிறவர் ஆர்க்கிடெக்ட் கிடையாது. அரசோ மாநகராட்சியோ வளர்ச்சி ஆணையமோ முடிவெடுக்கும். பொறியியல் ஆலோசனை நிறுவனம் டி.பி.ஆர். எனும் விரிவான திட்ட அறிக்கையைத் தயாரிக்கும். பிறகு டெண்டர், காண்ட்ராக்டர். ஆர்க்கிடெக்டுக்கு வேலை இருந்தால் அநேகமாகக் கடைசியில் வருகிற வண்ணப்படம் மட்டும்தான். 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டருக்கு இரும்பு மேம்பாலம் போடப்போவதாகச் சொன்னபோது ஊர் கொதித்தது ஞாபகம் இருக்கும். மக்கள் கேட்டது பாலம் அழகா என்றில்லை. 800-க்கும் மேல் மரங்கள் போகும், இத்தனை கோடி செலவாகும், எங்களை யார் கேட்டீர்கள் என்றார்கள். 2017 மார்ச்சில் அரசு அதைக் கைவிட்டது. அந்தக் கோபத்தைப் படமாக்க வேண்டுமானால் கையெழுத்துப் போட்ட மேஜையை வரைய வேண்டும். மாடல் பிடித்தவரை வரைந்தால் குற்றவாளி தப்பித்துவிடுவான்.

இனி முன்னோடிகள். 1824-ல் லண்டனில் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் ஒரு படம் போட்டார். ஜான் நாஷ் கட்டிய ஆல் சோல்ஸ் தேவாலயத்தின் கூம்பு ஊசிமாதிரி இருக்கும். அதன் முனையில் நாஷையே குத்தி உட்கார வைத்துவிட்டார். பார்த்ததும் சிரிப்பு வரும், ஆனால் மிஞ்சுவது ஒரு மனிதரின் அவமானம்தான். 1911-ல் வியன்னாவில் வந்த படம் வேறு ஜாதி. அடோல்ஃப் லோஸ் என்ற ஆர்க்கிடெக்ட் அரண்மனைக்கு எதிரே அலங்காரமே இல்லாத ஒரு கட்டடம் எழுப்பினார். ஜன்னலுக்கு மேலே வேலைப்பாடு இல்லை என்பதால் ‘புருவமில்லாத வீடு’ என்று பெயர் வாங்கியது. படத்தில், கலையைப் பற்றி யோசித்தபடி தெருவில் போகிற ஒரு நவீன மனிதன் கீழே சாக்கடை மூடியைப் பார்த்து நின்றுவிடுகிறான். இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது அவனுக்கு. மூடியின் சதுர ஓட்டைகளும் பின்னால் தெரிகிற கட்டடத்தின் ஜன்னல் வரிசையும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேலி முழுக்க அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. லோஸ் யாரென்றே தெரியாதவரும் சிரிக்கலாம்.

ஆனாலும் அந்தப் படம் தோற்றது. ஜன்னலில் பூத்தொட்டி வைக்கச் சம்மதித்து லோஸ் வேலையை முடித்தார், இன்று அந்த வீட்டைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். கட்டடத்தின் தோற்றத்தைப் பழித்த படங்கள் இப்படிப் பலமுறை ஏமாந்திருக்கின்றன. எது அழகு என்பது முப்பது வருடத்தில் மாறும். படி உயரமாக இருந்தால் முழங்கால் வலிக்கும் என்பது மாறாது. பயன்பாட்டைக் கேலி செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் ஊரிலேயே இருப்பவர் தெரு ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி. 2015-ல் சுல்தான்பாளையாவில் தண்ணீர் தேங்கிய பெரிய குழி ஒன்றில் முதலை பொம்மையை இறக்கினார். 2019-ல், சந்திரயான்-2 நிலவில் இறங்கவிருந்த அதே நாட்களில், விண்வெளி உடை போட்ட ஒருவரைக் குண்டும் குழியுமான சாலையில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். ஆட்டோ கடந்துபோகும்போதுதான் அது நிலா இல்லை, பெங்களூரு என்று தெரியும். இரண்டிலும் சாலை நிஜம், குழி நிஜம். பொய் ஒன்றே ஒன்று. வியன்னாப் படத்திலும் அதே கணக்குத்தான்.

உங்கள் படத்தில் எல்லாமே பொய். பாலம் வானத்தைத் தொடுகிறது, வெள்ளம் மாடிவரை வருகிறது, ஆளின் தலை பூசணிக்காய் அளவு. எல்லாவற்றையும் ஊதினால் எதுவும் பெரிதாகத் தெரியாது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அளவு பிசகாமல் இருக்கட்டும். அளவெடுக்கத் தெரிந்த நீங்கள் கார்ட்டூன் போடுவதில் எனக்குச் சந்தோஷமே அதனால்தான். பத்திரிகைக் கார்ட்டூனிஸ்டுக்குக் கிடைக்காத ஆயுதம் உங்கள் பையில் இருக்கிறது, டேப்.

நடைபாதையை எடுத்துக்கொள்வோம். இந்திய சாலைப் பேரவையின் நெறிமுறை, நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும், நடைபாதை ஓரத்தில் நிறுத்துகிற கர்ப் கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்கிறது. பெங்களூரின் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடி. கீழே வடிகால், மேலே கல் பலகை, அதன்மேல் நாம். அந்தத் தெருவைக் குறுக்கே வெட்டி செக்‌ஷன் போடுங்கள். புதிதாகத் தார் போடும்போது ஒரு அடுக்கு சுமார் 40 மில்லிமீட்டர். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் பிரச்சினையில்லை. சுரண்டாமல் நான்கு தடவை போட்டால் 160. கர்ப் கல் 150தான். கல் புதைந்துவிட்டது, சாலை நடைபாதையைவிட 10 மில்லிமீட்டர் மேலே வந்துவிட்டது. கர்ப் கல்லின் அடியில் மழைநீர் வடிகாலுக்குள் இறங்க விட்டிருந்த வாய் முதல் இரண்டு அடுக்கிலேயே பாதி மூடியிருக்கும். வடிகால் காலியாக இருக்கும், தண்ணீர் சாலையில் நிற்கும். பிறகு யாரோ வந்து நடைபாதையை உயர்த்துவார்கள். உயர்த்தினால் ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் கார் ஏற ஒரு சரிவு வெட்ட வேண்டும். இருபது வீடு என்றால் இருபது இறக்கம், இருபது ஏற்றம். மூட்டுவலிக்காரர்கள் ஏன் சாலையோரமாக நடக்கிறார்கள் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

இதில் ஒரு மனிதர்கூட ஊதிப் பெருக்கப்படவில்லை. ஆனால் செக்‌ஷன் உங்கள் அம்மாவுக்குப் புரியாது. வீட்டு பிளான் புரியும், மனை விளம்பரத்திலும் வாஸ்துப் படத்திலும் பார்த்துப் பழகியிருக்கிறார். வெளித்தோற்றம் எவருக்கும் புரியும். செக்‌ஷனை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? கீழடியில். அந்த அகழாய்வுக் குழிகளின் புகைப்படம் பார்க்காத தமிழ் வீடு குறைவு. சதுரமாக வெட்டிய குழி, சுவரில் அடுக்கடுக்காக மண், ஆழத்தைக் காட்டும் அளவுகோல். உங்கள் தெருவை அப்படியே போடுங்கள். நான்கு தார் அடுக்கு, ஒவ்வொன்றிலும் போட்ட வருடம் எழுதிய சீட்டு. அடியில் ஆய்வாளர் ஒருவர் தூரிகையால் மண் தள்ளிக் கர்ப் கல்லைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். பொய் அவர் ஒருவர்தான். 40-உம் 150-உம் அளவுப்படி இருக்கட்டும்.

பரமபதம் மட்டும் வேண்டாம். பிளான் அப்ரூவலைப் பாம்பும் ஏணியுமாக எல்லோரும் போட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

ராஜகாலுவே என்கிற பெங்களூரின் பெரிய மழைநீர்க் கால்வாய்களில் இதைவிட நல்ல விஷயம் இருக்கிறது. 2015 மாஸ்டர் பிளானில் முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் கட்டடமில்லாமல் விட வேண்டும் என்று போட்டிருந்தார்கள், கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து அளந்து. 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் கரையிலிருந்து அளக்கச் சொல்லி 50, 35, 25 ஆக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 20 மீட்டர் அகலக் கால்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 50 என்றால் கரையிலிருந்து 40தான். டேப்பின் ஒரு முனை பத்து மீட்டர் நகர்ந்ததில் ஒரு முப்பதுக்கு நாற்பது மனை உள்ளே வந்துவிடுகிறது. அதன் நாற்பதடிப் பக்கம் 12.2 மீட்டர், முப்பதடிப் பக்கம் 9.1 மீட்டர். பத்து மீட்டருக்குள் முப்பதடிப் பக்கம் சரியாக அடங்கும். நடுத் தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்று டேப் பிடிக்கிற ஒருவர், கரையில் நின்று அதே டேப்பை இழுக்கிற இன்னொருவர், இடையில் அந்த மனை. வசனமே தேவைப்படாது. கால்வாய் மட்டும் நிஜ அகலத்தில் இருக்க வேண்டும், கோடுமாதிரி ஒல்லியாகப் போட்டால் படம் செத்துவிடும்.

செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம், பற்றிப் போடுவதானால் ஒரு எச்சரிக்கை. பெருக்கல் கணக்கை முதலில் பாருங்கள். எஃப்.ஏ.ஆர்., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம், 1.75 என்றால் 1200 சதுர அடி மனையில் 2100 சதுர அடிதான் கட்டலாம். எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து கை நீட்டி டம்ளர் வாங்குகிற படத்தில் மாடிகளை எண்ணி அந்தக் கணக்கோடு ஒப்பிடுகிற பொறியாளர் ஒருவராவது இருப்பார். ஆறு மாடியை விளையாட்டாகப் போட்டுவிட்டால் ‘இப்படி எங்கே இருக்கு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். நான்கு மாடியே போதும், நிஜமாகவே அப்படித்தான் நிற்கின்றன. கர்நாடக அரசின் அக்ரம-சக்ரம திட்டம் குடியிருப்புகளில் 50 சதவீதம்வரை மீறலை முறைப்படுத்த முன்வந்தது, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த 50 சதவீதத்தை ஒரு அடி ஸ்கேலில் குறித்துக் காட்டினாலே படம்.

வரைகிற விதம் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் ஏ4 தாளில் 0.1 மில்லிமீட்டர் பேனாவால் போட்டிருக்கிறீர்கள். பார்க்கிறவர் போனில் பார்க்கிறார். 210 மில்லிமீட்டர் அகலம் ஏறக்குறைய 65-க்குச் சுருங்குகிறது, மூன்றில் ஒரு பங்கு. உங்கள் 0.1 கோடு 0.03 ஆகி மறைந்தேவிடும். ஹாட்ச்சிங், அந்த நெருக்கமான நிழல்கோடுகள், எல்லாம் சாம்பல் திட்டாகிவிட்டது அதனால்தான். வெட்டுக்கோட்டுக்கு 0.8, உருவத்துக்கு 0.5, மெல்லிய விவரத்துக்கு 0.3, அதற்குக் கீழே போகாதீர்கள். மூன்று மில்லிமீட்டரில் எழுதிய எழுத்து ஒரு மில்லிமீட்டராகும். ஆங்கிலமானால் தட்டுத்தடுமாறிப் படிக்கலாம், தமிழில் ண-வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல்போகும். ஏழு மில்லிமீட்டராவது வையுங்கள். கடைப்பலகையைக் கன்னடத்தில் எழுதுங்கள், தெருவில் அப்படித்தானே இருக்கிறது. பேசுகிறவர்கள் தமிழில் பேசட்டும்.

சீனியர் சொன்னதற்கு வருகிறேன். லூயி ஹெல்மன் ஆர்க்கிடெக்ட். 1967-லிருந்து பிரிட்டனில் ஆர்க்கிடெக்டுகளின் சொந்தப் பத்திரிகையிலேயே ஆர்க்கிடெக்டுகளைக் கேலி செய்து பல பத்தாண்டுகள் வரைந்தார். தொழில் அவரைத் தள்ளிவைக்கவில்லை. சால் ஸ்டைன்பெர்க் மிலானில் கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவர். கிராஃப் தாளையே கத்தரித்து ஒட்டிக் கண்ணாடிக் கட்டடம் என்று காட்டியவர். உள்ளே இருந்து பேசுகிறவனுக்குத்தான் எந்தத் திருகாணி கழன்றது என்று தெரியும், அவன் வாயை மூடிக்கொண்டால் ஊருக்குத்தான் நஷ்டம். உங்கள் சீனியரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பயம் நியாயம். அலுவலக டிராயிங்கை எடுத்து அதன்மேல் கார்ட்டூன் போடாதீர்கள். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேலையின் பகுதியாக வரைந்ததன் உரிமை 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளிக்குத்தான். உங்கள் வாடிக்கையாளரின் கட்டடமும் வேண்டாம். பொதுத்தெரு எல்லோருக்கும் சொந்தம், டேப்போடு போய் நீங்களே அளந்து வரைந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. எம்.ஜி. ரோடு பக்கம் மிட்ஃபோர்ட் ஹவுஸில் இந்தியக் கார்ட்டூன் கேலரி இருக்கிறது. அல்சூரிலிருந்து நடக்கிற தூரம், ஒரு சனிக்கிழமை போய் மூலப்படங்களில் கோட்டின் தடிமனைக் கிட்டே நின்று பாருங்கள்.

இணைத்த படத்தைத் தூக்கிப்போட வேண்டாம். மேம்பாலத்தையும் ஆளையும் எடுத்துவிடுங்கள், போர்டு இருக்கட்டும். போர்டு நிற்கிற நடைபாதையை 1.8 மீட்டராகப் போட்டு, போர்டின் கம்பத்தை அதன் நடுவில் நட்டுவிடுங்கள். கம்பத்துக்கு இருபுறமும் மிஞ்சுகிற அகலத்தை எண்ணில் எழுதுங்கள். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஒரு அம்மாள், தோள் அகலம் 45 சென்டிமீட்டர், பை ஒவ்வொன்றும் 25 என்று கணக்குப் பார்த்து அந்த இடைவெளியில் நிறுத்துங்கள். முடிந்ததும் தலைப்பைக் கையால் மறைத்து அம்மாவிடம் காட்டுங்கள். அவர் விரல் கம்பத்தில் போய் நின்றால் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.