கல் சுவரா, அலையாத்தியா? முதலில் மணல் எங்கே போகிறது என்று பாருங்கள்

துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்கே உங்கள் கரை கரைகிறது, கல் சுவர் கேட்பதா அலையாத்தி நடுவதா என்று கேட்டிருந்தீர்கள். சுவருக்குத் தெற்கே மணல் மேடு ஏறியிருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அலை சாய்வாக வந்து மோதும்போது மணல் கரையோரமாகவே நகரும். குறுக்கே சுவர் வந்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் பட்டினி கிடக்கும்.

கரை நெடுகக் கட்டும் கல் சுவர் வீடுகளைக் காக்கலாம், கடற்கரையைக் காக்காது. அதில் மோதித் திரும்பும் அலை சுவரின் அடிமணலையே அரிக்கும். அப்புறம் படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே காயவைப்பது? அரிப்பும் அடுத்த ஊருக்குத் தள்ளிப்போகும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவிலும் இதே சிக்கல் உண்டு.

அலையாத்தி சேற்றுக் கழிமுகத்துக்கு உரியது, அலை அடிக்கும் மணலில் நிற்காது. மணல் குன்று மிச்சமிருந்தால் வேலி போட்டு அடும்புக் கொடி, இராவணன் மீசைப் புல் படர விடுங்கள்.

நான் கேட்கச் சொல்வது, தேங்கிய மணலை இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டும் ஏற்பாட்டை. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில் 2001 முதல் பம்பு வைத்து இதைச் செய்கிறார்கள். செலவு தொடர்ந்து வரும்தான், ஆனால் கரை மிஞ்சும்.

மனுவுக்கு முன் ஓர் அசையாத கம்பத்திலிருந்து ஓதக்கோடு (கடல் ஏறும்போது நீர் எட்டும் கோடு) வரை மாதந்தோறும் பௌர்ணமியன்று அளந்து, படத்தோடு தேதி போட்டு வையுங்கள். அதிகாரிகளிடம் பேச அந்த அளவு வேண்டும்.