தனி ஆளாக ஆப் எழுதிப் பிழைக்க முடிகிறதா? இன்றைய ஆப்களைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். முடியவில்லை. என் ஆப்பிலிருந்து வருகிற பணம் எங்கள் வீட்டுப் பால் செலவுக்குச் சரியாக இருக்கும். அது பால் கணக்கு எழுதுகிற ஆப்தான் என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பாள் என் மனைவி. சோறு போடுவது வேறு வேலை. இரண்டு மூன்று ஜவுளிக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். ஆப் எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

இரண்டாவது கேள்விக்கு அந்தப் பால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஈரோட்டில் எங்கள் தெருவில் ஒரு அக்கா தினசரிக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவார். அரை லிட்டருக்கு ஒரு கோடு, ஒரு லிட்டருக்கு இரண்டு, ஊருக்குப் போன நாளுக்குப் பெருக்கல் குறி. மாதக் கடைசியில் அவர் கணக்கும் பால்காரர் நோட்டும் ஒரு நாள், ஒன்றரை நாள் இடிக்கும். வாசலில் நடக்கும் அந்தப் பஞ்சாயத்தைப் பார்த்துத்தான் ஆப் எழுத உட்கார்ந்தேன். தேதியைத் தொட்டால் அளவு பதிவாக வேண்டும், மாதம் முடிந்தால் தொகை வர வேண்டும். இதில் என்ன இருக்கிறது, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் மாதமே அக்கா எனக்கு ஆப்பு வைத்தார். "ஏந்தம்பி, பத்தாந்தேதிதானே விலை ஏத்துனாங்க? இது ஒண்ணாந்தேதியிலிருந்தே புது விலை போடுதே?" மாதத்தின் மொத்த லிட்டரைக் கூட்டி, இன்றைய விலையால் பெருக்கியிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு விலை ஏற்றத்துக்கும் போன வருடக் கணக்குகூடத் திருத்தி எழுதப்பட்டிருக்கும். பில்லிங் எழுதிப் பிழைக்கிறவன் செய்யக்கூடாத தப்பு இது. அன்று ராத்திரியே ஒவ்வொரு நாளின் பதிவிலும் அன்றைய விலையையும் சேர்த்து வைத்தேன். மறுநாள் பால்காரர் அண்ணனின் நோட்டை வாங்கிப் பார்த்தால், அவர் பல வருடமாக அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். தேதி, அளவு, விலை, மூன்றும் ஒரே வரியில்.

அடுத்து அவருக்கென்று ஒரு பதிப்பு கேட்டார். அறுபது வீட்டுக்கு ஊற்றுகிறவர். பட்டியலில் பெயர் நீளமாக வந்தால் வரி உடைகிறது என்று, 12 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும்படி நிரல் எழுதினேன். கோபாலகிருஷ்ணன் வீடு "கோபாலகிருஷ்ண" என்று பஜனைப் பாட்டு மாதிரி அந்தரத்தில் நின்றது. நமக்கு அந்தப் பெயர் எட்டே எழுத்து. ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு முறையில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். 'கோ' என்றால் க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. 'ன்' என்றால் ன ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணினால் 14 வரும். பன்னிரண்டில் கத்தி வைத்தால் கடைசி 'ன்' முழுசாகப் போய்விடும். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் அதே பெயரின் நீளத்தைக் கேட்டால் நம்மைப் போலவே 8 என்கிறது. ஆண்ட்ராய்டுக்கு எழுதும் கோட்லின் மொழி 14 என்கிறது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்தால் இந்த வித்தியாசம் ஆயுசுக்கும் கண்ணில் படாது. தமிழில் டைப் அடிக்கும்போது ஏதாவது ஒரு ஆப்பில் புள்ளி காணாமல் போனாலோ, கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றாலோ, அங்கே என்னைப் போல ஒருவன் குறிகளை எண்ணி வெட்டியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு ஆப் முடிந்துவிட்டது. கூட்டல் சரியாக வருகிறது, பெயர் முழுசாகத் தெரிகிறது, இதற்கு மேல் அதில் செய்ய எதுவும் இல்லை. நான் சொல்ல வந்ததே இதைத்தான். முடிந்துவிட்டது என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் இடமே கிடையாது.

எங்கள் தாத்தா செய்வித்த முக்காலி ஒன்று வீட்டில் இன்னும் இருக்கிறது. அதற்கு அப்டேட் எப்போது வரும் என்று யாரும் ஆசாரியிடம் போய்க் கேட்டதில்லை. ஆப் அப்படியில்லை. 2022இல் ஆப்பிள் ஒரு அறிவிப்பு விட்டது: ரொம்ப நாளாக அப்டேட் இல்லாத ஆப்களை ஸ்டோரிலிருந்து எடுப்போம், திருத்தி அனுப்ப 30 நாள் அவகாசம் என்று. சின்னச் சின்ன கேம் எழுதியவர்கள் எல்லாம் என் கேம் முடிந்த கேம், அதில் எதைத் திருத்துவது என்று கத்தினார்கள். மூன்று வருடமாக அப்டேட் இல்லாமல், பதிவிறக்கமும் மிகக் குறைவாக இருக்கும் ஆப்களைத்தான் சொன்னோம் என்று விளக்கி, அவகாசத்தை 90 நாளாக்கினார்கள், அவ்வளவுதான். கூகுள் பிளேயில் வருடத்துக்கு வருடம், புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றிக் கட்டி அனுப்பச் சொல்வார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய ஆப் பழைய அனுமதி முறைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கும், புதுப் போனில் திறந்த உடனே விழும். ஆனாலும் அதன் பலன் என்ன தெரியுமா? வருடத்துக்கு ஒருமுறை நான் ஒரு எண்ணை மாற்றி, மறுபடி கட்டி, "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று எழுதி ஏற்றுகிறேன். பிழை எதுவும் இருந்ததில்லை. உங்கள் போனில் வாராவாரம் வருகிற அந்த வாக்கியத்தில் எத்தனை என்னுடையதைப் போன்றது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நண்பன் ஒருவன் பெங்களூரில் ஸ்டார்ட்அப்பில் இருக்கிறான். என் ஆப்பைப் பார்த்துவிட்டு, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இதில் இருக்கிறார் என்று கேட்டான். ஐந்து வினாடி என்றேன். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்த்தான். காலை ஆறு மணிக்கு 'இன்று பால் வாங்கிவிட்டீர்களா?' என்று நோட்டிஃபிகேஷன் அடி, 30 நாள் தொடர்ந்து பதிந்தால் பேட்ஜ் கொடு, மாதச் சந்தா வை என்று அடுக்கினான். ஆறு மணிக்குப் பால்காரரே பெல் அடிக்கிறாரே, அதற்கு மேல் நான் வேறு எதற்கு?

இந்தக் கொக்கிகளை எல்லாம் பெரிய கம்பெனிகள்தான் கண்டுபிடித்தன என்று பழி போட்டுவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதுசு வரும், இல்லையா? அதைக் கொண்டுவந்தவர் லோரன் பிரிக்டர். ட்விட்டரைப் படிக்க ட்வீட்டி என்ற ஆப்பை எழுதிய தனி ஆள். 2010இல் ட்விட்டர் அதை வாங்கியது. அவர் செய்தது நல்ல வேலைதான். புதுச் செய்தி பட்டியலின் உச்சியில் வருகிறது, விரலும் அங்கேதான் இருக்கிறது, தனியாக ஒரு பொத்தான் எதற்கு என்ற யோசனை. பிறகு அது ஊரெல்லாம் பரவி, சூதாட்ட இயந்திரத்தின் கைப்பிடி மாதிரி ஆனது. 2017இல் ஒரு பேட்டியில் இது ஆளை அடிமையாக்குகிறது என்று அவரே வருத்தப்பட்டார். என் ஆப்பில் புதுப்பிக்க எதுவுமே இல்லை, எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கிறது. இருந்தும் சோதித்துப் பார்க்கும்போது என் கட்டைவிரல் தானாகப் பட்டியலை இழுக்கிறது. எழுதியவனுக்கே இந்தக் கதி.

எனக்குப் பிடித்த எதிர் உதாரணம் வேர்டில் என்ற ஆங்கிலச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஜோஷ் வார்டில் தன் துணைவிக்காக எழுதி, 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார். விளம்பரம் இல்லை, லாகின் இல்லை, ஒரு நாளுக்கு ஒரே ஒரு சொல். நவம்பர் 1 அன்று விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆப்கூட இல்லை, வெறும் ஒரு வலைப்பக்கம். ஆட்டம் முடிந்ததும் 'போய்விட்டு நாளைக்கு வா' என்று கதவைச் சாத்திய அந்தக் குணத்துக்காகவே நான் அதைத் தினமும் திறந்தேன். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. அதற்குள் ஸ்டோரில் காப்பிகள் முளைத்துவிட்டன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பிழைப்பு விஷயம். ஸ்டோர் கதவைத் திறக்க கூகுளில் ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். சின்ன ஆட்களிடம் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். இது எனக்குப் பெரிய வலி இல்லை. பயம் எல்லாம், அடுத்தவன் இடத்தில் வீடு கட்டுவதில்தான். ரெடிட் என்ற விவாதத் தளத்தைப் படிக்க அப்போலோ என்று ஒரு ஆப் இருந்தது. கிறிஸ்டியன் செலிக் என்பவர் எழுதியது. 2023இல் ரெடிட் தன் தரவுக்கு விலை வைத்தது, ஆப் ஐந்து கோடி தடவை தரவு கேட்டால் 12,000 டாலர். அப்போலோவின் பயன்பாட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு இரண்டு கோடி டாலர் வருகிறது என்று கணக்குக் காட்டிவிட்டு, ஜூன் 30ஆம் தேதி கடையைச் சாத்தினார். புறம்போக்கில் மாடி வீடு கட்டியவன் நிலைமைதான். அழகாகக் கட்டியிருக்கிறாய் என்று ஊரே பாராட்டும், ஆனால் பட்டா உன் பெயரில் இல்லை. என் ஆப்பில் இணையத்தையே தொடாமல் வைத்ததற்கு இந்த பயமும் ஒரு காரணம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொரு கூத்தும் இருக்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், ஆப்பை வெளியிடும் முன் 20 பேரை வைத்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். பிறகு 20ஐ 12 ஆகக் குறைத்தார்கள். குப்பை ஆப்களைத் தடுக்கத்தான் இந்த விதி. ஆனால் 12 பேருக்கு எங்கே போவது? அதனால் நீ என் ஆப்பைப் போட்டு வை, நான் உன்னுடையதைப் போட்டு வைக்கிறேன் என்று இதற்கென்றே குழுக்கள் உருவாகிவிட்டன. மொய் எழுதுவது போலத்தான். யார் யாருக்குச் செய்தார்கள் என்று பட்டியல் போட்டு, திருப்பிச் செய்யாதவனைத் திட்டுவது வரைக்கும் எல்லாம் உண்டு. பதினான்கு நாளும் ஒருவரும் ஆப்பைத் திறந்து பார்ப்பதில்லை.

உண்மையான மனிதர்களிடமிருந்து வரும் ரிவ்யூ வேறு ரகம். ஒருவர் "ரொம்ப அருமை, எங்க வீட்ல எல்லாரும் யூஸ் பண்றோம்" என்று எழுதி ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார். ரொம்ப நாள் மண்டை காய்ந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் கொடுத்தது ஃபர்ஸ்ட் ரேங்க்.

கடைசியாக என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ யோக்கியன் மாதிரி ஆகிவிடும். லாகின் கேட்க மாட்டேன், தரவை எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்று பெருமையாகத் திரிந்தேன். போன வருடம் அக்காவின் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. மகன் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். என் ஆப்பை மறுபடி போட்டார். காலி. எட்டு மாதக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. விஷயம் தெரிந்து நான் பதறிக்கொண்டு போனால், அவர் தோசை ஊற்றியபடியே, "விடு தம்பி, அண்ணன் நோட்டுல இருக்கும்ல" என்றார். இருந்தது. காலண்டரிலும் கோடு போட்டு வைத்திருந்தார். ஆப்பை நம்பி காலண்டரை அவர் விட்டதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்த வாரமே மாதக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்ள ஒரு பொத்தான் சேர்த்தேன். முடிந்துவிட்டது என்று நான் சொன்ன ஆப்பில்தான். அதைக் காட்டப் போனபோது அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இதுலயே தண்ணி கேன் கணக்கும் போட்டுக்கலாமா தம்பி? காலி கேன் எத்தனை திருப்பிக் கொடுத்தோம்னுதான் தெனமும் சண்டை" என்றார். காலி கேனைக் கழித்துக் கணக்குப் போடுவது பால் மாதிரி இல்லை, முன்பணம் வேறு இருக்கிறது. மூன்று ராத்திரியாக அதில்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.