வளர்ப்புப் பாம்பின் எடை குறைந்தால் நோய் என்று அர்த்தமா?

உங்கள் ஆண் பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை) இரண்டு வாரத்தில் 70 கிராம் இறங்கிவிட்டது, இரையையும் தொடவில்லை, நோயாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு தடவையும் எப்போது எடை போட்டீர்கள்? எச்சமிடும் முன்பா, பின்பா?

நானும் ஓர் ஆண் பால் பைத்தான் வளர்க்கிறேன். வந்த புதிதில் தோன்றும்போதெல்லாம் எடை பார்ப்பேன். ஒரு நாள் மாலை 1,512 கிராம், மறுநாள் 1,436. அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கூண்டைச் சுத்தம் செய்யும்போதுதான் பார்த்தேன், மூலையில் கரும்பழுப்பு எச்சம், பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக யூரிக் அமிலம். அள்ளி அதே தராசில் வைத்தேன். 71 கிராம்!

பாம்பு தினமும் கழிப்பதில்லை. இரண்டு மூன்று இரையின் கழிவைக்கூட உள்ளேயே வைத்திருக்கும். அதனால் எச்சமிட்ட பிறகு, அடுத்த இரைக்கு முன்பு, மாதம் ஒரு தடவை எடை போட்டால் போதும். மூடி போட்ட டப்பாவைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பாம்பை உள்ளே விடுங்கள். இரை விழுங்கி இரண்டு நாளாவது அதைத் தூக்க வேண்டாம், கக்கிவிடும்.

சாப்பிட மறுப்பதற்கு வருகிறேன். கண் பால் படர்ந்தது போல் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, அந்த நாட்களில் பல பாம்புகள் இரையைச் சீண்டாது. வளர்ந்த ஆண் பால் பைத்தான் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதும் சகஜம். உடல் எடையில் 10 சதவீதத்துக்குள் இறங்கினால், சுறுசுறுப்பாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தால், பொறுத்துப் பார்க்கலாம். குட்டிக்கு இந்தக் கணக்கு ஆகாது. அது வளர வேண்டிய வயது, எடை ஏறாமல் நின்றாலே விசாரிக்க வேண்டும்.

ஆனால் உண்மையான இறக்கத்தையும் பார்த்திருக்கிறேன். வெப்பத்தட்டின் உணரி இடம் மாறி, 32 டிகிரி இருக்க வேண்டிய சூடான பக்கம் 26-இல் கிடந்திருக்கிறது. சூடு இல்லாமல் பாம்புக்குச் செரிக்காது. இரையைக் கக்கியது, அடுத்த இரண்டு மாதமும் எடை இறங்கிக்கொண்டே போனது. தராசைவிட முதுகுதான் தெளிவாகச் சொன்னது. விரலை வைத்துத் தடவினால் முதுகெலும்பு கூரை முகடு மாதிரி கையில் தட்டியது, பக்கவாட்டுத் தோல் மடிந்திருந்தது. அதனால் இன்றைக்கே வெப்பமானியை எடுத்து இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள்.

எடை கூடினாலும் கவனியுங்கள். பெண் என்றால் முட்டையாக இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுப் பாம்புகளுக்குப் பட்டினியைவிட அதிகத் தீனிதான் ஆபத்து என்பது என் எண்ணம். நேராகப் படுத்திருக்கும்போதே செதில்களுக்கு இடையில் தோல் தெரிந்தால் கொழுப்பு ஏறிவிட்டது, இரையின் அளவையோ தடவையையோ குறையுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, மறுபடி மறுபடி கக்குதல், துருத்திய முதுகு, இவற்றில் எது தெரிந்தாலும் எண்ணுக்காகக் காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது புதிய எச்சம் கொஞ்சம் எடுத்துப் போனால் குடல் புழு இருக்கிறதா என்று அங்கேயே பார்ப்பார்கள்.

அப்புறம், அதன் மொத்த எடையையும் கடைசியாக எச்சமிட்ட தேதியையும் எழுதுங்கள். 700 கிராம் பாம்புக்கு 70 என்பது வேறு, 1,500 கிராம் பாம்புக்கு வேறு.