பெண்களும் சரி, மலையகமும் சரி. அப்போ நின்றது யார்?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் தொழில் வழிகாட்டல் பார்க்கிறேன். மாலை நேரத்தில் கணினியும் அலுவலக வேலையும் சொல்லிக்கொடுக்கிறோம். நிதி தருபவர்கள் இந்த முறை 'குறுக்குவெட்டுப் பார்வையோடு' நடத்துங்கள் என்கிறார்கள். பெண்களுக்குப் பாதிக் கட்டணம்தான், வகுப்பும் தமிழில்தான். இதற்குமேல் என்ன செய்வது? இடையில் நின்றுபோகிறவர்கள் மட்டும் குறையவில்லை.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் முக்கியமானது. வரவுப் பதிவேட்டை எடுங்கள். எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை, 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் 20 பேரில் 14 பேர் முடித்தார்கள், ஆண்கள் 10 பேரில் 7 பேர். இரண்டும் 70 வீதம்தான். மலையகத்திலிருந்து வந்த 12 பேரில் 8, கொழும்பிலேயே வளர்ந்த 18 பேரில் 13. இதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அறிக்கையில் இதை எழுதினால் எல்லாம் சமம் என்று பாராட்டுவார்கள்.

இப்போது நான்கு கட்டம் போட்டு அதே 30 பேரையும் பிரியுங்கள். கொழும்புப் பெண்கள் 14 பேரில் 12, மலையக ஆண்கள் 6 பேரில் 6, மலையகப் பெண்கள் 6 பேரில் 2, கொழும்பு ஆண்கள் 4 பேரில் 1. கூட்டிப் பார்த்தால் முன்பு சொன்ன தொகைகளேதான் வரும். ஆனால் இரண்டு கட்டத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. குறுக்குவெட்டுப் பார்வை (ஆங்கிலத்தில் intersectionality) என்பது பெண், மலையகம் என்று தனித்தனியாகப் பார்க்காமல், இரண்டும் சேரும் இந்தக் கட்டங்களைப் பார்ப்பதுதான்.

அந்தச் சொல் பிறந்ததும் இப்படி ஒரு கணக்கில்தான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் வேலை இழந்த ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. அதனால் 'கடைசியாக வந்தவர் முதலில் போகட்டும்' என்று ஆட்குறைப்புச் செய்தபோது அவர்கள்தான் போனார்கள். பெண்களை எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். ஆனால் அப்படி எடுத்த பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றால் அதற்கு வேறு வழக்கு இருக்கிறது, அதோடு சேருங்கள் என்றது. இரண்டையும் சேர்த்து ஒரு முறைப்பாடாக ஏற்கவில்லை. 1976இல் வந்த அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் கிம்பர்லே கிரென்ஷோ என்ற சட்ட அறிஞர் 1989இல் இந்தச் சொல்லை முன்வைத்தார்.

சரி, கொட்டாஞ்சேனைக்கு வருவோம். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த பையன் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்து, கடைக்கு மேலேயே தூங்குகிறான் என்று வையுங்கள். கடை மூடியதும் உங்கள் வகுப்புக்கு நடந்தே வந்துவிடுவான். கொழும்புப் பெண்ணை வகுப்பு முடிந்ததும் அண்ணனோ அப்பாவோ கூட்டிப்போவார்கள். அதே ஹட்டன் பையனின் தங்கை வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், போர்டிங்கில் இருக்கிறாள். எட்டு மணிக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். காலி வீதி நெரிசலில் பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? அவளுக்குப் பாதிக் கட்டணம் கொடுத்து என்ன, முழுதும் இலவசமாக்கி என்ன, கேட் பூட்டித்தான் கிடக்கும். வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றலாம். அது முடியாவிட்டால் போர்டிங் அக்காவிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். கடிதத்தைவிட அதற்குத்தான் பலன் அதிகம்.

கொழும்புப் பையன்களை மறந்துவிடாதீர்கள். மாலையில்தான் சாப்பாட்டு டெலிவரிக்கு ஓடர் குவியும். அன்றைய காசு அன்றைக்கே கையில். அதை விட்டுவிட்டு எக்செல் படிக்க வா என்றால் யார் வருவார்? குறுக்குவெட்டு என்றதும் 'யாருக்குத் துன்பம் அதிகம்' என்று போட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பதுதான் கேள்வி.

விண்ணப்பப் படிவத்தையும் ஒருமுறை பாருங்கள். 'தோட்டம்' என்று ஒரு கட்டம் இருந்தால் கவனம். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: தேயிலைத் தோட்டம் ஒன்று, சிங்களத்தில் 'வத்த' என்கிற நெருக்கமான குடியிருப்பு இன்னொன்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் கணக்கே குழம்பிவிடும். ஊர் எது, இப்போது தங்குவது எங்கே என்று தனித்தனியாகக் கேளுங்கள். கிராம சேவகர் சான்றிதழ் வேண்டுமென்றால் ஊரிலிருந்து எடுத்ததையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்காக ரயிலேறிப் போனால் இரண்டு நாள் சம்பளம் போய்விடும். சாதிக்குக் கட்டம் போட வேண்டாம். பதில் உண்மையாக வராது, கேட்டதே மனத்தில் தங்கிவிடும்.

தொழில் வழிகாட்டலில் நாம் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. வீட்டு வேலை செய்த பெண் வந்து உட்கார்ந்தால் 'அனுபவம் இல்லை' என்று எழுதிவிடுகிறோம். மூன்று வருடம் ஒரு வீட்டில் சமைத்து, படுக்கையில் கிடந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டவளுக்கா அனுபவம் இல்லை? தேசிய தொழிற்தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி உண்டு. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, செய்தும் காட்டி சான்றிதழ் எடுக்கலாம். சிக்கல் ஆதாரத்தில்தான். கடையில் வேலை செய்தவனுக்கு முதலாளி கடிதம் கிடைக்கும், வீட்டு வேலைக்கு யார் கடிதம் தருவார்? அந்தக் கோப்பைத் தயாரிக்க அவளோடு இரண்டு மாலை உட்காருங்கள். இலவசப் பயிற்சிப் பையைவிட அது பெரிய உதவி.

வேலை தருபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி போதும். 'சிங்களம் கட்டாயம்' என்றால் பேசவா, எழுதவா? தமிழ் மொழிமூலம் படித்துக் கடையில் நின்ற பிள்ளை சரளமாகப் பேசும், எழுத வராது. பல வேலைகளுக்குப் பேச்சே போதும், விளம்பரத்தில் மட்டும் இரண்டும் இருக்கும். இங்கே சட்டத்தை அதிகம் நம்ப வேண்டாம். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்றவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான். தனியார் கடை முதலாளியிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

அறிக்கையில் அந்த நான்கு கட்டங்களையும் போடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை. கொழும்பு ஆண்கள் நான்கு பேர்தான் என்றால், பெயர் போடாவிட்டாலும் யார் யார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சின்னக் கட்டங்களின் எண்ணை உங்கள் மேசையிலேயே வைத்துக்கொண்டு, வெளியே 'மாலை நேர வருமானத்தால் சிலர் நின்றனர்' என்று மட்டும் எழுதுங்கள்.