பேங்க் சுவரு ஏன் ரெண்டடி?

கே: எங்க ஊர் கடைத்தெரு நடுவுல ஒரு பழைய பேங்க் இருக்கு சார். உருண்டைத் தூணு, வளைவு வச்ச ஜன்னல், சுவரு மட்டும் ரெண்டடி கனம். வர்றதெல்லாம் நகைக்கடனுக்கு வர்ற விவசாயிங்க, அதுக்கு எதுக்கு இப்டி ஒரு கோட்டை?
- வாசகர், கும்பகோணம்

ப: திருடனுக்காக மட்டும் கட்டுன கோட்டை இல்ல அது, பணம் போட வர்றவரு பாத்து நம்பணுமேன்னு கட்டுனது. இப்ப பேங்க் கவுந்தா 5 லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு, ஆனா அந்த ஏற்பாடே 1962லதான் வந்துச்சு, ஆரம்பத்துல வெறும் 1,500 ரூபாய்க்கு. அதுக்கு முன்னாடி போனா போனதுதான். 1906 அக்டோபர்ல மெட்ராஸ்ல அர்பத்நாட் கம்பெனிங்கற பேங்க் திவாலாகி எத்தனையோ பேரோட வாழ்நாள் சேமிப்பு அப்டியே முழுகிடுச்சு, அத நடத்துன சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்கே போனாரு. அதுக்கு ரெண்டே வருஷம் முன்னாடி, 1904ல, உங்க ஊர்ல கும்பகோணம் பேங்க்கை ஆரம்பிச்சிருந்தாங்க, இன்னிக்கி சிட்டி யூனியன் பேங்க்னு சொல்றோமே அதேதான். அந்த காலத்துல பேலன்ஸ் ஷீட்ட யாரு படிச்சா, தூணையும் சுவரையும் பாத்துதான் நம்புனாங்க.

இன்னொரு வேடிக்கை. அந்த தூணு கல்லுன்னு நெனச்சிருப்பீங்க, அனேகமா இருக்காது. நம்ம டெல்டா பூரா வண்டல் மண்ணு, பக்கத்துல மலையே கிடையாது, தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கே கல்ல வெளிலேர்ந்துதான் கொண்டாந்தாங்க. அதனால செங்கல்ல வட்டமா அடுக்கி, மேல சுண்ணாம்பு பூசி, ஈரம் காயறதுக்குள்ள கோடு இழுத்து பெரிய பெரிய கல்லு வச்சு கட்டுன மாதிரி காட்டிருப்பாங்க. தூணோட அடில பூச்சு பேந்த எடத்துல குனிஞ்சு பாருங்க, செவப்பா செங்கல் தெரியும். மெட்ராஸ் பீச் ரோட்ல 1897ல பேங்க் ஆஃப் மெட்ராஸுக்கு கட்டுனது, இப்ப ஸ்டேட் பேங்க் இருக்கே, ஹென்றி இர்வின் டிசைன்ல நம்பெருமாள் செட்டி கட்டுனது, அந்த மிடுக்க பாத்துட்டு சின்ன ஊர்லயும் நம்ம வசதிக்கு அப்டி ஒண்ணு வேணும்னு ஆசப்பட்டிருப்பாங்கன்னு எனக்கு தோணுது.

கே: வெளில அக்னி வெயில் கொளுத்துது, அந்த மாதிரி பழைய பேங்க் ஹாலுக்குள்ள நொழஞ்சா ஃபேன் இல்லாமலே சில்லுனு இருக்கே, எப்படி?
- வாசகி, மன்னார்குடி

ப: தலைய தூக்கி பாருங்கம்மா. வரிசையா தேக்கு உத்தரம், அதுக்கு நடுவுல சின்ன சின்ன மெல்லிசு செங்கல்ல செங்குத்தா நிறுத்தி மூலவாட்டுல சாச்சு அடுக்கிருப்பாங்க. இதான் மெட்ராஸ் டெரஸ். மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால நாள்கணக்கா அடிச்சு இறுக்கி, அதுக்கும் மேல தட்டோடு பதிப்பாங்க. அத்தன கனத்த தாண்டி சூடு எறங்கறதுக்குள்ள பொழுதே சாஞ்சிடும், கூரையும் உசரம், உள்ள இருக்கற சூடும் மேல போயி வென்டிலேட்டர் வழியா வெளியேறிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு அத மறச்சுட்டு ஏசி பில்லு கட்டறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியுது.

கே: எங்க தாத்தா காலத்து கட்டிடத்த ஒரு ஆபீசுக்கு வாடகைக்கு விட்ருக்கோம். மூணு வருஷம் முன்னாடி சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சோம், இப்ப இடுப்பு உசரத்துக்கு உப்பு பூத்து கொட்டுது.
- வாசகர், மயிலாடுதுறை

ப: நானும் இதே தப்ப பண்ணி காசு அழுதவன்தான், எங்க வீட்டு திண்ணை சுவத்துல. நம்ம பக்கம் நெலத்தடி தண்ணி மேலாக்க இருக்கும், பழைய சுவத்துக்கு அடில ஈரத்தடுப்பு கெடையாது, ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்பு பூச்சா இருந்தா அந்த ஈரம் வெளில ஆவியா போயிடும், சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் மூடி போட்ட மாதிரி அடச்சுடுது, உப்பு உள்ளயே தங்கி செங்கல்ல அரிக்குது. அந்த சிமெண்ட்ட பக்குவமா கொத்தி எடுங்க, செங்கல் ஒடையாம. மாசக்கணக்கா காய விடுங்க. அப்பறம் கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணில சுண்ணாம்ப கொழச்சு பூசத் தெரிஞ்ச கொத்தனாரா தேடுங்க, வெள்ளையும் சுண்ணாம்புலயே அடிச்சுக்கங்க. ஆனா ஐப்பசி மழைல ஆரம்பிச்சுடாதீங்க, தை பொறக்கட்டும்.