ஒரு காதில் மட்டும் சுருதி ஏறிக் கேட்டால்…

கேள்வி: வயது 62. வீணை கற்றுத் தருகிறேன். இரண்டு ஆண்டுகளாக இரண்டு காதும் மந்தம். காது கேட்கும் கருவி வாங்கினேன். பேச்சு தெளிவாக இருக்கிறது, தம்பூராவோ நடுங்கி அலறுகிறது. இணையத்தில் சோதித்துப் பார்த்தேன். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இரவில் காதில் இரைச்சல். தொடர்ந்து வாசித்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்கிறார்கள். வீணையை மூடி வைத்துவிட வேண்டியதுதானா? மூன்று நாளாக வலது காது அடைத்தாற்போல் இருக்கிறது. அந்தக் காதில் சுருதி சற்று ஏறிக் கேட்கிறது. பூண்டு எண்ணெய் விட்டு வருகிறேன்.
— வாசகி, கும்பகோணம்

பதில்: கடைசி மூன்று வரிகளைத்தான் அம்மா, நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்தப் பதில் அச்சேறும்வரை பொறுக்கக் கூடாது என்பதால் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே போன்ற அடைப்பை ‘சளி பிடித்திருக்கும், தானாகச் சரியாகும்’ என்று தள்ளிப்போடுகிற மற்றவர்களுக்காக.

வயதால் வரும் மந்தம் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றாக, ஆண்டுக் கணக்கில் மெல்ல வரும். ஒரே காது, அதுவும் மூன்று நாளுக்குள் அடைத்துப் போனால் அந்தக் கணக்கு வேறு. உள்காதில் திடீரென ஏற்படும் நரம்புவழிச் செவித்திறன் குறைவாக அது இருக்கலாம். பலருக்கு ‘அடைப்பு’ என்றுதான் அது தொடங்குகிறது, வலி இருப்பதில்லை. ஒரே சுரம் இரண்டு காதில் இரண்டு விதமாகக் கேட்பதும் உள்காது பழுதுபட்டதன் அடையாளமாக இருக்கலாம். சாதாரணமானவர் இதைக் கவனிக்கவே மாட்டார். சுருதியோடு வாழ்கிறவர் என்பதால் உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது.

குறும்பி அடைத்தாலும் இதே உணர்வு வரும், உண்மைதான். வாயை மூடி, ஆதார ஷட்ஜத்தில் (அடிப்படை ‘ஸ’வில்) ‘ம்ம்’ என்று இழுத்துப் பாருங்கள். அடைத்த காதிலேயே ஒலி தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் குறும்பியோ நீரோதான். மற்றக் காதுக்கு ஒலி ஓடினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் உலோகக் கவையை) நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். ஆனால் வீட்டில் செய்து பார்த்துவிட்டு, ‘குறும்பிதான்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு படுத்துவிட வேண்டாம். அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுக்க வேண்டும். நரம்புக் குறைவு என்று தெரிந்தால் ஸ்டீராய்டு தருவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலனுக்கு நல்ல வாய்ப்பு. நாள் போகப்போக அது குறையும். சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஸ்டீராய்டு அதை ஏற்றும். பின்னர் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், செவி நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்யும் வழக்கமான சோதனைதான், கலங்க வேண்டாம். காது அடைப்போடு முகம் கோணுவது, பேச்சு குழறுவது, நிற்க முடியாத தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பூண்டு எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். செவிப்பறைக்கு அப்பால் இருக்கும் நரம்பை அது எட்டவே போவதில்லை. காதுக்குழாயின் தோலைப் புண்ணாக்க மட்டும் அதனால் முடியும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ‘நரம்பு மாத்திரை’யும் அப்படித்தான், அதை விழுங்கிக்கொண்டு காத்திருப்பதில் பொன்னான நாட்கள் போய்விடுகின்றன.

8,000 ஹெர்ட்ஸ் கவலையை விடுங்கள். பியானோவின் உச்சக் கட்டையே சுமார் 4,186 ஹெர்ட்ஸ்தான். வீணையின் சுரங்கள் அதற்கு வெகு கீழே. மலிவான இயர்போனில் செய்த சோதனைக்கு மதிப்பும் இல்லை. பழைய இரைச்சல், இரண்டு காதிலும் ஒன்றாக இருக்கும்வரை, தொல்லைதான், ஆபத்தில்லை; தூங்கப் போகும்போது சுருதிப் பெட்டியை மெல்ல ஒலிக்க விடுங்கள்.

வாசித்தால் காது போகுமா? மைக் இல்லாத வீணையால் போகாது. ஒலியின் பலம் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம்வரை காது தாங்கும் என்பது பணியிடங்களுக்கு நிபுணர்கள் சொல்லும் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். நாகசுரம், தவில்காரர்கள்தான் இந்தக் கணக்கைப் பார்த்துக் காதடைப்பான் போட வேண்டும். நீங்கள் கச்சேரியில் ஒலிபெருக்கியின் முன்னால் உட்காராமல் இருந்தால் போதும்.

இனி அந்தக் கருவி. பழுது உங்கள் ஞானத்தில் இல்லை. பேச்சுக்காகச் செய்யப்பட்ட கருவி அது. நெடுநேரம் ஒரே சுரத்தில் நிற்கும் ஒலியை, தானே எழுப்பிய ‘கீச்’ சத்தம் என்று எண்ணிக்கொண்டு, எதிர் ஒலியைப் போட்டு அழிக்கப் பார்க்கிறது. தம்பூரா நடுங்குவது அதனால்தான். தவிர, மெல்லிய ஒலியை உயர்த்துவதும் பலத்த ஒலியை அடக்குவதும் அதன் வேலை. அதனால் மீட்டு மொண்ணையாக விழுகிறது, தேய்ந்து அடங்க வேண்டிய கார்வை (சுரத்தின் நீட்டல்) வீங்கி நிற்கிறது. இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தரும்படி கருவியைப் பொருத்தித் தரும் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள். அதில் இரைச்சல் குறைப்பை நிறுத்தி, கீச் தடுப்பைத் தளர்த்தி, உயர் சுருதி ஒலிகளைக் கீழ்ச் சுருதிக்கு இறக்கும் வசதி இருந்தால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள். தனியே வாசிக்கும்போது கருவியைக் கழற்றியும் பாருங்கள். தொடையில் சுரைக்காயும் தந்தியை அழுத்தும் இடக்கை விரலும் சொல்லும் அதிர்வு பொய் சொல்லாது. 12 வயதுக்குள் செவித்திறனை ஏறக்குறைய முழுவதும் இழந்த ஸ்காட்லாந்துத் தாளக்கலைஞர் எவ்லின் கிளென்னி, வெறுங்காலோடு மேடையேறி அந்த அதிர்வை வாங்கித்தான் வாசிக்கிறார்.

வகுப்பில் மின்விசிறியை நிறுத்தி, மாணவரை எதிரே, நல்ல காதுப் பக்கம் உட்கார வையுங்கள். மேல் ஷட்ஜம் விலகியதாகத் தோன்றினால், வலது காது தெளியும்வரை, பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் கைபேசியில் சுருதியை அளந்து காட்டும் சுருதிமானியைப் பாருங்கள்.

வலது காதுக்குப் புது ஆடியோகிராம் வந்த பிறகே கருவியை மாற்றியமைக்கப் போங்கள். வீணையைத் தூக்கிச் செல்ல முடியாவிட்டால் சுருதிப் பெட்டியையாவது கொண்டுபோய், அங்கேயே ஒலிக்கவிட்டுச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.