வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? – தோட்டக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிப் பேர் செடியின் பெயரை எழுதியிருக்கிறார்கள், அது நிற்கும் இடத்தில் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று எழுதவில்லை. அது தெரியாமல் நான் சொல்லும் பதில் ஜோசியம்தான்.

இட்லிப்பூச் செடியின் இலையெல்லாம் மஞ்சளாகிறது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. (தாம்பரம்)

யூரியாவை நிறுத்துங்கள். புதிதாக வரும் இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. செடி காம்பவுண்டு சுவரை ஒட்டித்தானே இருக்கிறது? வீடு கட்டும்போது கொட்டிய சிமென்டும் சுண்ணாம்புக் காரையும் அந்த மண்ணில் இருக்கும். போதாததற்கு போர் தண்ணீரின் உப்பு வேறு. காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் இட்லிப்பூவால் உறிஞ்ச முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கட்டடக் குப்பையை எடுத்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்ப வேண்டும்.

காகிதப்பூ மாடியில் காடாக வளர்கிறது, பூ இல்லை. (விருதுநகர்)

தண்ணீரைக் குறையுங்கள். தொட்டி மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

வீட்டைச் சுற்றி மறைப்பாக உயிர்வேலி வேண்டும். ஆறு மாதத்தில் ஆள் உயரம் வர வேண்டும். நர்சரியில் கோனோகார்பஸ் சொல்கிறார்கள். வாங்கலாமா? (திருப்பூர்)

கூடாது. இதே கேள்விக்கு இதே பதிலை எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளில் பாலைவன நகரங்களைப் பசுமையாக்க இந்தச் செடியை வரிசை வரிசையாக நட்டார்கள். தண்ணீரைத் தேடிப் போன வேர், நிலத்தடிக் குழாய்களில் புகுந்து அடைத்தது. நம் ஊரிலும் சாக்கடைக் குழாய், தொட்டிச் சுவர் என்று அதே கதை. மகரந்தம் ஒவ்வாமையைக் கிளப்புகிறது என்ற புகாரும் உண்டு. குஜராத் அரசு 2023-இல் இதை நடத் தடை போட்டது, தமிழ்நாட்டிலும் பின்னர் தடை வந்தது. இதற்கு மேலும் உங்களுக்கு ஒருவர் விற்கிறார் என்றால், அந்த நர்சரியில் வேறு எதையும் வாங்காதீர்கள்.

செடியைவிட எனக்குக் கோபம் ‘ஆறு மாதம்’ என்ற பேச்சின் மேல்தான். ஆறு மாதத்தில் ஆறடி வளர்கிற செடி ஏழாவது மாதம் நின்றுவிடுமா? மாதம் ஒருமுறை ஆள் வைத்து வெட்ட வேண்டும், வெட்டாத வருஷம் அது மரம். நர்சரிப் பையில் இருக்கும் அளவைப் பார்த்து வாங்காதீர்கள். ஐந்து வருஷம் கழித்து எவ்வளவு அகலம் வரும் என்று கேட்டு, அதை டேப்பால் தரையில் அளந்த பிறகு வாங்குங்கள்.

உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கிளுவை வேலி பார்த்திருப்பீர்களே? போத்து (கிளைத்துண்டு) வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். ஆடு மாடு நுழையாது. வீட்டு முகப்புக்கு முள் வேண்டாம் என்றால் மருதாணி வையுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று, வருஷம் இரண்டு மூன்று முறை வெட்டு, ஒருமுறை வேர் பிடித்தால் வறட்சிக்கு அஞ்சாது. பூவும் வேண்டுமானால் நந்தியாவட்டை அல்லது நாட்டுச் செம்பருத்தி, மூன்றடி இடைவெளியில். அடர்ந்து வர இரண்டு வருஷம் ஆகும். அதுவரை மறைப்பு வேண்டுமா? மூங்கில் தட்டி கட்டி சங்குப்பூக் கொடியை ஏற்றி விடுங்கள். உங்கள் ஆறு மாதக் கணக்கு அதில் சரியாகிவிடும்.

இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. வாசலில் மஞ்சள் அரளி வைக்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். செடி முழுக்க விஷம், கொட்டை இன்னும் மோசம்.

சார், போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஏன் வாடுகிறது? (ஊர் எழுதவில்லை)

போட்டோவில் உங்கள் கட்டைவிரலும் ஒரு தொட்டியின் விளிம்பும் தெரிகின்றன. என்ன செடி, எந்த ஊர், வெயில் எத்தனை மணி நேரம், தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா? எழுதுங்கள், பார்க்கலாம்.

குண்டுமல்லி இலையாகத் தள்ளுகிறது, பூ எண்ணிப் பத்துகூட இல்லை. (கோவை)

மறுபடியும் வெயில் கணக்கு இல்லை! ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வெயில் சரியாக இருந்தால் கவாத்து செய்யாததுதான் காரணம். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்டுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். அப்புறம் தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால், புதுக் கிளையில்தான் மொட்டு வரும்.

கடற்கரையிலிருந்து கால் கிலோமீட்டரில் வீடு. எது வைத்தாலும் இலை கருகுகிறது. (கிழக்குக் கடற்கரைச் சாலை)

உப்புக் காற்று. ரோஜா ஆசையை விடுங்கள். காகிதப்பூ, நித்யகல்யாணி தாங்கும். வீட்டில் குழந்தையும் மாடும் இல்லையென்றால் அரளியும் வைக்கலாம். மணலாக உள்ள பகுதியில் அடப்பங்கொடியைப் படர விடுங்கள், இடம் இருந்தால் காற்று வரும் பக்கம் ஒரு புன்னை. அதன் மறைவில் மற்ற செடிகளைப் பிறகு யோசிக்கலாம்.

வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று பெரணியும் பீஸ் லில்லியும் வைத்தேன். கோடையில் கருகிவிட்டன. (திருச்சி)

எப்போதும் நிழல் என்று மார்கழியில் பார்த்து முடிவு செய்திருப்பீர்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உங்கள் ஊரில் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கத்திலிருந்துதான் விழும். பெரணியைத் தொட்டிக்கு மாற்றி, அந்த மாதங்களில் கிழக்கு வராந்தாவுக்கு நகர்த்துங்கள். தரையில் ஆடாதொடையோ நந்தியாவட்டையோ வைத்தால் அரை நிழல், வெயில் இரண்டையும் தாங்கும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளிக் குழி எடுங்கள். நடுவதைப் புரட்டாசியில் வைத்துக்கொண்டால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.